ஏப்ரல் பயணமா? காலையிலேயே கிளம்பிவிடுங்கள்

மலேசியாவில், பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் மார்ச் கடைசியிலிருந்து மே வரை வானம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். காலையில் சுள்ளென்று வெயில், 2 மணிக்கு மேல் மலைப்பக்கம் கறுக்கும், சாயங்காலம் இடியோடு கொட்டும். வடகிழக்குப் பருவக்காற்று ஓய்ந்து தென்மேற்கு தொடங்கும் வரை காற்றுக்கு வலு இருக்காது, அதனால் பகல் சூட்டில் எழும் ஈரக்காற்று தலைக்கு மேலேயே மேகமாகத் திரண்டுவிடுகிறது.

கிரிக் வழியாக மலைச்சாலையில் கிளந்தான் மாநிலத்து ஜெலிக்குப் போகிறவர்கள் மதியத்துக்குள் மலையைத் தாண்டிவிடுங்கள். மழை விட்டதும் தார்ச்சாலையில் ஆவி கிளம்பும், அதோடு மூடுபனியும் சேர்ந்தால் முன்னால் போகும் லாரியின் பின்விளக்குகூடத் தெரியாது. யானையும் குறுக்கே வரும்.

அந்த வழியில் இருக்கும் தெமங்கோர் ஏரிதான் எனக்குப் பெரிய பயம். போன வருஷம் படகில் போனபோது தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது, திடீரென்று கழுத்தில் ஒரு குளிர்காற்று பட்டது, அப்புறம் பத்தே நிமிஷத்தில் அலை படகுக்குள் அடித்தது. மச்சான் அப்போதுதான் உயிர்காப்புச் சட்டையின் வாரை இறுக்கினார், கை நடுங்கியது. அந்தக் குளிர்காற்று பட்டவுடனே கரைக்குத் திருப்புங்கள், தயவுசெய்து.

விமானம் என்றால் காலை நேரமாகப் பாருங்கள். மின்னல் அடிக்கும்போது தரையில் ஆட்கள் வேலை செய்ய முடியாது, தாமதம் ஆகும்.

வானிலைத் துறையின் இடிமழை எச்சரிக்கை ஒரு தடவைக்கு அதிகபட்சம் 6 மணி நேரம்தான் செல்லும். காலையில் பார்த்தாச்சு என்று விடாமல், கிளம்பும்போது மறுபடி பாருங்கள்.