சான் டியேகோவின் பால்போவா பூங்கா

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் டியேகோ நகரில் உள்ள பால்போவா பூங்காவின் எல் பிராடோ வீதியில் முதன்முறையாக நடப்பவர்கள், இருபுறமும் உள்ள ஸ்பானிய பாணி மாளிகைகள் பல நூற்றாண்டுப் பழமையானவை என்றே எண்ணுவார்கள். உண்மையில் அந்த வீதி 1915ஆம் ஆண்டின் பனாமா-கலிபோர்னியா பொருட்காட்சிக்காக உருவானது. அங்கு எழுந்தவற்றில் பல, மரச்சட்டத்தின்மேல் காரை பூசி எழுப்பப்பட்ட தற்காலிகக் கட்டடங்கள். காட்சி முடிந்ததும் அவற்றை அகற்றிவிட வேண்டும் என்பதே கட்டடக்கலைஞர் பெர்ட்ராம் குட்ஹியூவின் கருத்தாக இருந்தது. ஊர்மக்களுக்கோ மனம் வரவில்லை. 1960களில் சிதைந்தவை சில இடிக்கப்பட்டபோது, 1967இல் 'நூற்றுவர் குழு' என்ற அமைப்பைத் தொடங்கி, பழைய வேலைப்பாடுகளை அச்செடுத்து, காசா டெல் பிராடோவைக் கான்கிரீட்டில் மீண்டும் எழுப்பவைத்தார்கள். இந்தப் பூங்காவின் வரலாற்றில் நான் மிகவும் மதிப்பது இந்தப் பிடிவாதத்தைத்தான்.

இடத்தை ஒதுக்கியவர்களின் தொலைநோக்கும் சிறிதல்ல. நகரில் சில ஆயிரம் பேரே வாழ்ந்த 1868இல், புதர் மண்டிய மேடும் பள்ளமுமான 1,400 ஏக்கரைப் பூங்காவுக்கென விட்டுவைத்தார்கள். இன்று எஞ்சியிருப்பது ஏறத்தாழ 1,200 ஏக்கர். அந்த வறண்ட நிலத்தைப் பசுமையாக்கத் தொடங்கியவர் கேட் செஷன்ஸ் என்ற பெண்மணி. 1892இல் நாற்றங்காலுக்காகப் பூங்காவில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தபோது அவர் பணத்துக்குப் பதிலாக மரங்களையே தர ஒப்புக்கொண்டார்: ஆண்டுதோறும் பூங்காவில் 100 மரங்கள் நடுவது, நகரின் பிற இடங்களுக்காக மேலும் 300 வழங்குவது. இதைவிட நல்ல குத்தகை ஒப்பந்தத்தை எந்த நகராட்சியும் செய்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

புகழ்பெற்ற விலங்குக்காட்சிசாலையும் அந்தப் பொருட்காட்சி விட்டுச்சென்ற விலங்குகளிலிருந்து தோன்றியதுதான். 1935இல் நடந்த இரண்டாவது பொருட்காட்சி ஓல்டு குளோப் நாடக அரங்கைத் தந்தது. 1978இல் தீக்கிரையான அந்த அரங்கும் திரும்பக் கட்டப்பட்டது. அருங்காட்சியகங்கள் மட்டுமே பதினைந்துக்கு மேல் உள்ளன.

ஆனால் ஒரு நாள் மட்டுமே கிடைக்குமானால், அது ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும் என்பேன். ஸ்பிரெக்கெல்ஸ் சகோதரர்கள் நகருக்கு அளித்த, 5,000க்கும் மேற்பட்ட குழல்கள் கொண்ட ஆர்கன் என்ற பெரிய இசைக்கருவி திறந்தவெளியில் அமைந்திருக்கிறது. பிற்பகல் இரண்டு மணிக்கு நடக்கும் கச்சேரிக்குக் கட்டணம் இல்லை. அதற்கு முன், ரெட்வுட் மரப் பட்டிகைகளால் வேயப்பட்ட தாவரவியல் கூடத்தையும் அதன் முன்னுள்ள அல்லிக்குளத்தையும் நிதானமாகப் பார்த்துவிடலாம். முழு நாளையும் எடுத்துக்கொள்ளும் விலங்குக்காட்சிசாலையை வேறொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.