உகந்தையிலிருந்து கதிர்காமம் வரை, தண்ணீரின் வழியே

கதிர்காமத்தில் ஆடிவேல் விழாவுக்குக் கொடியேறும் காலம் நெருங்கினால் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து ஊர்களில் கோயில் வாசலிலும் சந்தையிலும் ஒரே பேச்சுத்தான்: உகந்தைக் காட்டுப்பாதை எந்தத் தேதியில் திறக்கிறார்கள்? வருடத்தின் மற்ற நாட்களில் குமண, யால வனப் பூங்காக்களுக்குள் வாகனத்தை விட்டு இறங்கிக் கால் வைக்க அனுமதி இல்லை. யானை, கரடி, சிறுத்தை, காட்டெருமை எல்லாம் தம் விருப்பப்படி உலாவும் காடு அது. அந்தக் காட்டைக் கந்தனின் அடியார்கள் நடந்து கடப்பதற்காக ஏறக்குறைய இரண்டு கிழமை திறந்துவிடுகிறார்கள். சட்டப் புத்தகமும் வழிவிட்டு நிற்கும் வழக்கம் இது என்று நினைக்கும்போதே எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

யாழ்ப்பாணம் தொண்டைமானாற்றில் செல்வச்சந்நிதி முருகனிடம் விடைபெற்று, வேலை முன்னால் ஏந்திக்கொண்டு, முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில் என்று கிழக்குக் கரையோரமாகவே நடந்து வரும் அடியார்கள் இருக்கிறார்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட நடை. வெடித்த குதிக்காலில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசிக்கொண்டு வந்து சேரும் அவர்களின் பாதங்களைப் பார்த்தாலே கும்பிடத் தோன்றும். எங்கள் பக்கத்தவர்களில் பெரும்பாலானோர் பொத்துவில், பாணமை வழியாக உகந்தைக்குப் போய் அங்கிருந்து காட்டுக்குள் இறங்குவோம். ஐந்து ஆறு நாட்களில் கதிர்காமத்தைத் தொட்டுவிடலாம்.

இந்த நடையைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழியில் கண்ட மிருகங்களைத்தான் முதலில் சொல்வார்கள். எனக்கு மனதில் நிற்பது தண்ணீர். எங்கே தங்குவது, எத்தனை மணிக்குப் புறப்படுவது, யாரோடு சேர்ந்து நடப்பது எல்லாவற்றையும் காட்டில் தண்ணீர்தான் தீர்மானிக்கிறது. அதன் வழியாகவே முருகன் எங்களைக் கூட்டிப் போனான் என்று மனப்பூர்வமாக நம்புகிறேன்.

பாணமையைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழரும் சிங்களவரும் கலந்து வாழும் பழைய ஊர். எங்கள் கண்ணகி அம்மன் அவர்களுக்குப் பத்தினித் தெய்வம். அவளுக்காக எடுக்கும் கொம்பு விளையாட்டு இரு பக்கமும் உண்டு. நாங்கள் போன அன்று ஒரு வீட்டு வாசலில் பெரிய பானையில் இஞ்சித் தேத்தண்ணி வைத்துக்கொண்டு இரண்டு சிங்களப் பெண்கள் போகிறவர்களுக்கெல்லாம் ஊற்றிக் கொடுத்தார்கள். வேலைக் கண்டதும் ஒருவர் ஓடி வந்து அதன் அடியில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டார். பாணமைக்கும் உகந்தைக்கும் இடையில் குடும்பிகல என்ற பழைய பௌத்தக் குகை மடம் இருக்கிறது. கிறிஸ்துவுக்கு முந்திய காலத்துப் பிராமி எழுத்துகள் வெட்டிய குகைகளும், பாறையின் உச்சியில் உருளை வடிவில் ஒரு தூபியும் உண்டு. முருகனைத் தேடிப் போகிறவர்களும் புத்தரைத் தேடிப் போனவர்களும் இதே கற்களில்தான் இளைப்பாறியிருக்கிறார்கள்.

உகந்தை ஒரு அற்புதமான இடம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் காடு, நடுவில் பாறை மலை. முருகனும் வள்ளியும் ஓடத்தில் வந்து கரையேறியதாகவும் அந்த ஓடங்களே கல்லாகிவிட்டதாகவும் ஐதீகம். கரையில் அந்த ஓடக் கற்களைக் காட்டுவார்கள். முருகன் கீழே இருக்கிறான், வள்ளியம்மன் மலை மேலே. அந்த மலைப் பாறையில் சுனைகள் இருக்கின்றன. உப்புக் கடலில் இருந்து கூப்பிடு தூரம்தான். ஆனால் சுனை நீரை வாயில் வைத்தால் அப்படி ஒரு தித்திப்பு. பச்சைப் பாசி படிந்த விளிம்பு, கல்லின் குளிர்ச்சி, தண்ணீருக்கு அடியில் தெரிகிற மணல். வெயிலில் ஏறி வந்த பெரியம்மா முதலில் குடிக்கவில்லை. இரண்டு கையாலும் அள்ளி வள்ளியம்மன் சந்நிதிப் பக்கம் காட்டிவிட்டு, பிறகுதான் உதட்டில் வைத்தார்.

கோயில் வெளியில் இரவு முழுக்க அடுப்பு எரிந்தது. அன்னதானச் சோறும் பருப்பும் சாப்பிட்டு, மரத்தடியில் பாய் விரித்துப் படுத்தோம். காலையில் பூசை முடிந்து, பெயர் பதிந்து, "அரோகரா" என்ற ஒரே குரலில் வாயிலைக் கடந்தோம்.

முதல் நாள்தான் மனதைச் சோதிக்கிற நாள். மணல் பாதை. கால் புதைந்து புதைந்து எடுக்க வேண்டும். கச்சான் காற்று நெருப்பாக வீசும் காலம், உதடு பிளந்துவிடும். இருபுறமும் பாலையும் வீரையும். பாலைப்பழம் பழுத்துக் கிடக்கும் மாதங்கள் இவை. மஞ்சள் பழம், வாயில் போட்டால் பால் பசை பல்லில் ஒட்டும், ஆனால் தேன் போல இனிக்கும். கரடிக்கும் அது உயிர். மரத்தில் ஏறிக் கிளையை முறித்துத் தின்னும். அதனால் பாலை மரத்தடியில் தனியாக நிற்கக் கூடாது என்பது குழு நடத்தி வரும் வேல்சாமியின் கண்டிப்பான உத்தரவு. ஒரு மரத்தடியில் புதிதாக முறிந்த கிளைகள் கிடந்தன. முறிவில் பால் இன்னும் காயவில்லை. எல்லோரும் அரோகரா சொல்லிக்கொண்டு நெருக்கமாக நடந்தோம். எனக்கு நெஞ்சு படபடத்தது.

பெரியம்மாவுக்கு ஒரு பதற்றமும் இல்லை. "என்ன மனே பயப்படுறாய்? இது முருகன்ட காடு. அவன்ட பிள்ளைகள் அதுகள், நாங்களும் அவன்ட பிள்ளைகள். சத்தம் வைக்காம, சண்டை பிடிக்காம, வழியில நட" என்றார். காட்டில் யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. எல்லோரும் சாமிதான். ஒரு வங்கி முகாமையாளரும் ஒரு மீன் வியாபாரியும் எங்களுக்கு முன்னால் "சாமி, தண்ணி இருக்கா சாமி?" என்று கேட்டுக்கொண்டு போனார்கள்.

குமண வில்லு என்ற சதுப்பு நீர்நிலைப் பக்கம் பறவைகள் கூடு கட்டும் பருவம். கண்டல் மரங்களின் உச்சியில் நாரைகளும் கரண்டிவாயன்களும் நிறைந்திருந்தன. அதை நின்று பார்க்க நேரம் இல்லை. வெயில் ஏறுமுன் ஆற்றங்கரையைப் பிடிக்க வேண்டும்.

கும்புக்கன் ஆறு. அந்த நிழலை நான் எப்படிச் சொல்வேன்! மணலிலும் முள்ளிலும் வெந்து வந்த கண்ணுக்கு, கரையெல்லாம் வெள்ளைப் பட்டையோடு வானத்துக்கு நிமிர்ந்து நிற்கிற மருத மரங்கள். வேர்கள் கரையிலிருந்து ஆற்றுக்குள் இறங்கிக் கிடக்கின்றன. அந்த வேர்களில் சாய்ந்துகொண்டு நூற்றுக்கணக்கான அடியார்கள். ஒரு மரத்தடியில் வேல்களைச் சேர்த்து நட்டுக் கர்ப்பூரம் கொளுத்தியிருந்தார்கள்.

இங்கேதான் ஊற்றுத் தோண்டுவதை முழுதாகப் பார்த்தேன். ஆறு மெலிந்து ஒரு பக்கமாக ஓடுகிறது. மிருகங்களும் மனிதரும் இறங்கும் நீர் அது, குடிக்க எடுப்பதில்லை. ஓட்டத்தில் இருந்து தள்ளி, ஈர மணலில் ஒரு முழ ஆழத்துக்குக் கையாலேயே தோண்டினார் வேல்சாமி. பக்கச் சுவர் சரியச் சரிய மணலை வாரி வெளியே போட்டார். முதலில் ஊறியது கலங்கல். அதை இறைத்தார். மறுபடியும் ஊறியது, மறுபடியும் இறைத்தார். பிறகு எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். சற்று நேரத்தில் குழியின் அடியிலே மணல் மெல்லத் துள்ளத் தொடங்கியது. தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்து வந்தது. சிரட்டையால் கலக்காமல் அள்ளி, வெள்ளைத் துணியில் வடித்துப் பானையில் ஊற்றிக் கொதிக்க வைத்தோம். தன் குழு குடித்து முடித்ததும் அவர் குழியை மூடவில்லை. ஓரத்தில் ஒரு கிளையை நட்டு வைத்தார், பின்னால் வருகிறவர்களுக்கு ஊற்று இருக்கிற இடம் தெரியட்டும் என்று.

யுத்த காலத்தில் இந்த வழி நெடுங்காலம் எங்களுக்கு மூடிக் கிடந்தது. அம்மப்பா உயிரோடு இருந்தவரை இந்த மருத மர நிழலைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருப்பார். மறுபடி வந்து படுத்துத் தூங்க வேண்டும் என்பது அவர் ஆசை. அது நடக்கவில்லை. அவருக்காக ஒரு கர்ப்பூரம் ஏற்றினேன்.

ஆற்றைக் கடந்தால் யால. நாவலடி வரைக்குமான பகுதிதான் கடினம். நிழல் குறைவு, தண்ணீர் அதைவிடக் குறைவு. வழியில் பவுசர் வண்டியில் தண்ணீர் கொண்டு வந்து நிறுத்தியிருந்த இராணுவத்தினர் ஆளுக்கு அளந்து ஊற்றினார்கள். எங்களுக்குப் பின்னால் கைக்குழந்தையோடு ஒரு தம்பதி வந்தது. அவர்களின் போத்தல் வெயிலில் எப்போதோ காலியாகிவிட்டது. வரிசையில் முன்னால் நின்ற முதியவர், செல்வச்சந்நிதியில் இருந்தே நடந்து வந்தவர், தன் பங்கை அப்படியே அந்தத் தாயின் போத்தலில் சாய்த்துவிட்டார். "உங்களுக்கு, ஐயா?" என்று அந்தப் பெண் கேட்டதற்கு, "எனக்கு அவர் தருவார் பிள்ளை" என்று மட்டும் சொன்னார். அடுத்த நிமிடமே நாலைந்து பேர் தங்கள் போத்தல்களை அவர் முன் நீட்டினார்கள். பெரியம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

வியாழைப் பக்கம் மாணிக்க கங்கையைச் சந்தித்தோம். கதிர்காமத்துக்கு இன்னும் நடை இருக்கிறது. ஆனால் கதிர்காமத்தின் ஆறு எங்களுக்கு எதிரே வந்துவிட்டது. சந்நிதியைத் தொட்டுக்கொண்டு ஓடி, யாலக் காட்டுக்குள் புகுந்து கடலுக்குப் போகிற ஆறு அது. அங்கே முழுகி முருகனைக் கும்பிட்டவர்களின் மேனியில் பட்ட நீர் இங்கே எங்கள் முழங்காலை நனைத்துக்கொண்டு போகிறது. இதை வேல்சாமி சொன்னதும் களைப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் எழுந்து தண்ணீரில் இறங்கிவிட்டார்கள். கொப்புளம் வெடித்த காலை அந்த நீரில் வைத்தபோது வந்த எரிச்சலையும் மகிழ்ச்சியையும் எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு கட்டகாமம், வீரச்சோலை. கட்டகாமப் பக்கத்துக் காட்டில்தான் சித்துல்பவ்வ என்ற பழைய பௌத்தக் குன்று மடமும் இருக்கிறது. மயில்கள் பாதையைக் குறுக்கே கடந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றுக்கும் அரோகரா.

கதிர்காமத்தில் முதல் வேலை மாணிக்க கங்கையில் நீராடுவது. ஈரத் துணியோடு பழத்தட்டு ஏந்திச் சந்நிதிக்குப் போனோம். அங்கே பார்க்க ஒரு விக்கிரகம் இல்லை. வள்ளி தெய்வானையோடு முருகன் மயிலேறிய சித்திரம் தீட்டிய திரை. அதற்கு அப்பால் போக கப்புறாளை என்ற பூசகருக்கு மட்டுமே உரிமை. அவரும் வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டு, மந்திரம் சொல்லாமல், மௌனமாகவே பூசை செய்கிறார். செல்வச்சந்நிதியிலும் மண்டூரிலும் இதே வாய்கட்டிப் பூசைதான். பஸ்ஸில் நேராக வந்து இந்தத் திரையைப் பார்த்தபோதெல்லாம் எனக்குள் ஒரு ஏமாற்றம் இருந்தது. காட்டு வழியாக வந்து நின்றபோது அது இல்லை. மணலைத் தோண்டிக் காத்திருந்தால் அவன் ஊறி வருவான் என்று கும்புக்கன் கரையிலேயே காட்டிவிட்டான். திரைக்கு முன்னால் நான் கேட்க நினைத்திருந்த எதையும் கேட்கவில்லை.

இரவில் பெரஹரா என்ற ஊர்வலம். பேழையில் வைத்த யந்திரம் யானை மேல் ஏறி, எதிரே இருக்கும் வள்ளியம்மன் கோயிலுக்குப் போய்த் திரும்புகிறது. வேடர் குலத்து மகளைத் தேடித் தினமும் அவனே போகிறான்! பக்கத்தில் பள்ளிவாசல், அங்கேயும் விழாக் காலத்தில் கொடி ஏறுகிறது. பின்னால் கிரி விகாரையின் வெள்ளைத் தூபி. அனுராதபுரத்துப் போதி மரத்தின் கன்று இந்த ஊரிலும் நடப்பட்டதாகப் பழைய பௌத்த வரலாறு சொல்கிறது. ஆடிப் பூரணையை ஒட்டி மாணிக்க கங்கையில் நடக்கும் தீர்த்தத்தோடு விழா நிறைவு பெறும்.

அடுத்த வருடம் காட்டு வழியாக வர நினைக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். தனியாகவோ இரண்டு பேராகவோ இறங்க வேண்டாம். வழி தெரிந்த குழுவோடு சேருங்கள். பாதை திறக்கும் தேதி வருடத்துக்கு வருடம் மாறும், உறுதிப்படுத்திக்கொண்டு புறப்படுங்கள். சுமை குறைவாக இருக்கட்டும்: வறுத்த அரிசிமா, பனங்கட்டி, தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனி உப்புப் பைக்கற்றுகள், ரோச் லைற், ஒரு போர்வை. பழைய செருப்பு நல்லது. புதுச் செருப்பு காலைத் தின்றுவிடும். பொலித்தீனையும் பிளாஸ்ரிக் போத்தல்களையும் தயவுசெய்து காட்டில் போடாதீர்கள். மருத மரத்தடிகளில் அவை குவிந்து கிடப்பதைப் பார்த்து அழுகை வந்தது. யானையும் மானும் அதைத் தின்கின்றன. ஒரு உலோகப் போத்தலும் ஒரு பெரிய கேனும் கொண்டு வாருங்கள். கேன் உங்களுக்காக மட்டும் வேண்டாம், நாவலடி வழியில் பின்னால் வருகிறவர்களுக்காகவும்.