கால் கிராம் கணக்கும் வெளியீட்டுத் தேதியும்

அறுபத்து நான்கு கிராம் எடையுள்ள ஒரு யோயோவில் அரை கிராம் எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பதைப் பற்றி, பத்தொன்பது வயது இளைஞர் ஒருவருடன் நான் மூன்று வாரங்கள் தொடர்ந்து பேசியிருக்கிறேன். அவர் போட்டி ஆட்டக்காரர். நான் கலிஃபோர்னியாவில் உள்ள ஒரு சிறிய யோயோ நிறுவனத்தின் வடிவமைப்பாளர். அவருடைய பெயரைத் தாங்கி வரவிருந்த சிக்னேச்சர் யோயோவை வடிவமைக்கும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டிருந்தது. கோவையில் இயந்திரவியல் படித்த காலத்தில் லேத் பட்டறைகளில் நின்று பழகியவன் என்பதால் அலுமினியத்தைக் கடைவது எனக்குப் புதிதன்று. ஆனால் ஒருவருடைய கை என்ன கேட்கிறது என்பதை உலோகத்தில் எழுதுவது அதுவரை நான் செய்திராத வேலை.

இன்றைய போட்டி யோயோவைக் கையில் எடுத்துப் பார்க்காதவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். ஒற்றை யோயோவை நூலின் மேல் ஏற்றி ஆடும் 1ஏ பிரிவுக்கான யோயோ, பொதுவாக 54 முதல் 57 மி.மீ. விட்டமும் ஏறத்தாழ 44 மி.மீ. அகலமும் கொண்டது. இரண்டு பாதிகள் ஓர் அச்சுத் திருகால் இணைந்திருக்கும், நடுவே 12.7 மி.மீ. வெளிவிட்டமுள்ள ஒரு பேரிங், அதன் இருபுறமும் சிலிக்கோன் வளையங்கள். நாம் சிறுவயதில் பார்த்த யோயோவைப் போல இது சுண்டினால் கைக்குத் திரும்பாது. நூலை ஒரு குறிப்பிட்ட முறையில் மடித்து இடைவெளிக்குள் கொடுத்தால்தான் மேலே ஏறும். அதுவரை சுழன்றுகொண்டே இருக்கும், ஆட்டக்காரர் அதற்குள் தன் வித்தைகளை முடிக்க வேண்டும்.

ஆகவே வடிவமைப்பு என்பது பெரும்பாலும் எடையை எங்கே வைப்பது என்ற கேள்விதான். சுழலும் பொருளின் நிலைமத் திருப்புத்திறன், அதாவது சுழற்சி மாறுவதை அது எதிர்க்கும் அளவு, ஆரத்தின் இருமடியைப் பொறுத்தது. மையத்திலிருந்து 15 மி.மீ. தொலைவில் இருக்கும் ஒரு கிராமை 26 மி.மீ.க்குத் தள்ளினால், அந்த ஒரு கிராம் செய்யும் வேலை மும்மடங்காகிறது. இதனால்தான் பலரும் விளிம்பில் எடையைக் குவிக்கிறார்கள். அலுமினிய உடலுக்கு, அதைப் போல மூன்று மடங்கு அடர்த்தியுள்ள எஃகு வளையம் பூட்டுவதும் இதற்காகவே. கணக்குப்படி பார்த்தால் விளிம்பு கனக்கக் கனக்க யோயோ நெடுநேரம் சுழலும். என் முதல் மாதிரியும் அப்படித்தான் இருந்தது. சுழல்நேரத்தை அளந்து பார்த்து நான் நிறைவடைந்தேன்.

அவர் அதை இரண்டு நாள் ஆடிப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது, ஆனால் என்னுடையது இல்லை என்றார். எது குறைகிறது என்று கேட்டபோது அவரால் சொல்ல முடியவில்லை. ஆட்டக்காரர்கள் பொறியியல் மொழியில் பேசுவதில்லை. பேச வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் சரியன்று. அதனால் அடுத்த இரண்டு மாலைகள் அவர் பயிற்சி செய்யும் கூடத்துக்குப் போய் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். ஒரு குறிப்பிட்ட தொடர் வித்தையில், நூல் குறுகிய முக்கோணமாக மடிந்து யோயோ அதற்குள் நுழைந்து திசை மாறும் கணத்தில், அவருடைய வலது தோள் சிறிது முன்னே சாய்வதைக் கவனித்தேன். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் சாய்ந்தது. யோயோ திரும்பத் தாமதிப்பதை அவர் உடலால் ஈடுகட்டிக்கொண்டிருந்தார், அது அவருக்கே தெரியவில்லை.

இரண்டு காரணங்கள் இருந்தன. விளிம்பின் கனம் திசை மாற்றத்தை மந்தமாக்கியது. பேரிங்கை ஒட்டிய சுவர் செங்குத்தாக இருந்ததால், மடிந்த நூல் அதில் உரசி வேகத்தைத் தின்றது. அடுத்த மாதிரியில் அந்தச் சுவரை இரண்டு பாகை விரித்தேன். விளிம்பிலிருந்து ஒவ்வொரு பாதிக்கும் கால் கிராம் எடுத்தேன். மூன்றாவது மாதிரியில் எடுத்ததில் கொஞ்சத்தைத் திரும்ப வைத்தேன். நான்காவது மாதிரியை அவர் வீசி, சுழலும்போதே கட்டைவிரல் நகத்தை அதன் விளிம்பில் மெல்ல வைத்துப் பார்த்தார். அதிர்வு இருந்தால் நகத்தில் குறுகுறுவென்று தெரியும். அதிர்வு இல்லாமல் ஓடினால் தண்ணீரைத் தொட்டது போல இருக்கும். பிறகு அந்தத் தொடரை ஆடினார். தோள் சாயவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் மறுபடியும் ஆடினார், மறுபடியும் ஆடினார். என் பணி வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதை முதலாவதாக வைக்கிறேன்.

பெயர் பொறிப்பதற்கு இந்தத் தொழிலில் நெடிய மரபு உண்டு. பிலிப்பைன்ஸிலிருந்து குடியேறிய பெட்ரோ ஃப்ளோரஸ் 1928-இல் சாண்டா பார்பராவில் யோயோ தயாரிக்கத் தொடங்கினார். நூலை அச்சில் முடிச்சிட்டுக் கட்டாமல் வளையமாகச் சுற்றிவிட்டதுதான் அந்த யோயோவின் சிறப்பு. அதனால்தான் அது அடியில் நின்று சுழன்றது. சில ஆண்டுகளில் அந்தத் தொழில் டொனால்ட் டங்கன் என்ற தொழிலதிபரிடம் போனது. டங்கன் நிறுவனம் ஊர் ஊராக அனுப்பிய வித்தைக்காரர்களில் பலர் பிலிப்பைன்ஸ்காரர்கள்; மிட்டாய்க் கடை வாசலில் நின்று ஆடிக் காட்டிவிட்டு, சிறுவர்களின் மர யோயோக்களில் பேனாக்கத்தியால் தென்னை மரத்தையும் அந்தச் சிறுவனின் பெயரையும் செதுக்கித் தருவார்கள். அன்று வித்தைக்காரர் சிறுவனின் பெயரை யோயோவில் எழுதினார். இன்று நாங்கள் வித்தைக்காரரின் பெயரை லேசரால் பொறித்துச் சிறுவனுக்கு விற்கிறோம். இது தாழ்வு என்று நான் நினைக்கவில்லை. ஆட்டக்காரருக்கு விற்பனையில் ஒரு பங்கு போகிறது, அவருடைய பயணச் செலவுக்கு அது உதவுகிறது. ஆனால் பெயரைப் போட்டுவிட்டால் பொருள் அந்தப் பெயருக்கு உண்மையாக இருக்க வேண்டிய கடமை வந்துவிடுகிறது.

வெளியீட்டு ஆரவாரத்தைப் பற்றி நான் சொல்ல விரும்புவது இதிலிருந்துதான் தொடங்குகிறது. எங்களைப் போன்ற சிறு நிறுவனங்கள் ஒரு தடவைக்கு நூறு, இருநூறு என்றுதான் கடைகிறோம். ஒவ்வொரு பாதியையும் உள்புறம் ஒரு தடவை, வெளிப்புறம் ஒரு தடவை என்று இருமுறை இயந்திரத்தில் பூட்ட வேண்டும். இருநூறு யோயோ என்றால் நானூறு பாதிகள். விற்காமல் தேங்கினால் அடுத்த மாத அலுமினியத்துக்குப் பணம் இருக்காது. ஆகவே குறைவாகச் செய்வது முதலில் சூழ்ச்சியாக வரவில்லை, இயலாமையாகத்தான் வந்தது. பாதி நிழலில் மறைந்த ஒரு படம், அடுத்த வாரம் ஒரு வித்தைக் காணொளி, பிறகு நாளும் நேரமும் அறிவிப்பு; அந்த நேரத்தில் கடைப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கும் பையன்களின் ஆவல் மெய்யானது. மாதக்கணக்கில் கைச்செலவைச் சேர்த்து வைத்தவர்கள் அவர்கள். அந்த ஆவலை நான் மதிக்கிறேன்.

ஆனால் ஆரவாரம் பழக்கமாகிவிட்டால், பொருளுக்கு முன்பே தேதி பிறந்துவிடுகிறது. எங்கள் யோயோவுக்கும் அதுதான் நடந்தது. நாள் அறிவித்த பிறகு, வெளியீட்டுக்கு இரண்டு வாரம் இருக்கையில், ஐம்பது யோயோக்களை மட்டும் அடர்கறுப்பில் தனிப் பதிப்பாக விடலாம் என்று விற்பனைப் பிரிவு முடிவு செய்தது. வடிவத்தைத் தொடாத, வெறும் நிற மாற்றம்தானே என்று யாருக்கும் தோன்றும். அலுமினியத்துக்கு நிறம் ஏற்றும் ஆனோடைசிங் என்பது பெயின்ட் அடிப்பது போன்றதன்று. அமிலத் தொட்டியில் மின்சாரம் பாய்ச்சி அலுமினியத்தின் மேற்பரப்பையே ஆக்சைடாக மாற்றுவது. அந்தப் படலத்தில் ஒரு பகுதி உள்ளே போகிறது, மீதி வெளியே வளர்கிறது. வெளிர் நிறத்துக்கு மெல்லிய படலம் போதும். ஆழ்ந்த கறுப்பு பிடிக்க வேண்டுமானால் படலம் தடிக்க வேண்டும். பேரிங் உட்காரும் சீட்டை நான், முதலில் திட்டமிட்டிருந்த வெளிர்நீலத்தின் தடிமனுக்குத்தான் மைக்ரான் கணக்கில் விட்டு வைத்திருந்தேன்.

கறுப்பு யோயோக்கள் வந்த அன்று பத்தை எடுத்துச் சோதித்தேன். பேரிங் அழுத்தினால் உள்ளே போயிற்று. மூன்றில் திரும்ப வரவில்லை. சுழற்றிப் பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. ஆனால் சில வாரம் ஆடினால் நூலின் பிசிறும் தூசியும் பேரிங்குக்குள் சேரும், கழற்றிச் சுத்தம் செய்தே ஆக வேண்டும்; அப்போது கையால் வராத பேரிங்கைக் குறடு வைத்து இழுப்பார்கள், சீட் நெளியும், அதற்குப் பிறகு அந்த யோயோ என்றைக்கும் அமைதியாகச் சுழலாது. படலத்தைக் கரைத்துவிட்டு மீண்டும் ஏற்றலாம் என்றால், கரைக்கும்போது உலோகமும் கொஞ்சம் போகும், அளவு வேறு பக்கம் தவறும். ஐம்பதையும் புதிதாகக் கடைய வேண்டும், பத்து நாள் தள்ளி வையுங்கள் என்று கேட்டேன். தனிப் பதிப்பை வாங்குபவர்கள் பெட்டியைக்கூடத் திறக்க மாட்டார்கள் என்று பதில் வந்தது. சோதனைத் தாளில் கையெழுத்திட்டேன். போடாமல் இருந்திருக்க வேண்டும். அதை இன்றும் அப்படியே நினைக்கிறேன்.

ஐம்பதும் நான்கு நிமிடத்தில் விற்றுத் தீர்ந்தன. அலுவலகத்தில் கைதட்டினார்கள். மறுநாளே சில யோயோக்கள் பிரிக்காத பெட்டியோடு இருமடங்கு விலைக்கு வேறு இடங்களில் தென்பட்டன. இரண்டாவது மாதிரியில் நாங்கள் கண்டுபிடித்த அந்த இரண்டு பாகைச் சரிவு எந்த நூலையும் தொடாமல் அந்தப் பெட்டிகளுக்குள் கிடந்தது. வடிவமைப்பவனுக்கு இதைவிடப் பெரிய வருத்தம் எனக்குத் தெரியவில்லை.

ஏழு வாரம் கழித்து ஒரு பள்ளி மாணவனிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. கறுப்பு யோயோவை வாங்கி உண்மையாகவே ஆடியவன். பேரிங்கைக் கழற்றக் குறடு பயன்படுத்தியதாகவும், அதற்குப் பிறகு யோயோ நடுங்குவதாகவும், தான் எங்கே தவறு செய்தேன் என்று சொன்னால் இனித் திருத்திக்கொள்வதாகவும் பணிவாக எழுதியிருந்தான். நகம் வைத்தால் எப்படித் தெரிகிறது என்பதைக்கூடச் சரியாக விவரித்திருந்தான். தவறு அவனுடையதன்று, எங்களுடையது, குறிப்பாக என்னுடையது என்று நானே பதில் எழுதி, நீல நிறத் தயாரிப்பிலிருந்து அளவுக் கருவி வைத்து அளந்த ஒன்றை அனுப்பி வைத்தேன். அவன் திருப்பி அனுப்பிய கறுப்பு யோயோ என் மேசையில் இருக்கிறது. விளிம்பில் இரண்டு இடங்களில் தரையில் பட்ட காயம், நெடுநேரம் ஆடிய தடம்.

வேறு வழியே இல்லை என்று யாரேனும் சொல்லும்போது, நான் யோயோஃபேக்டரி நிறுவனத்தின் ஷட்டர் என்ற யோயோவை எடுத்துக் காட்டுவதுண்டு. கலிஃபோர்னியாவின் சீக்கோ நகரத்து ஆட்டக்காரர் ஜென்ட்ரி ஸ்டைனின் சிக்னேச்சர் யோயோ அது. ஏறக்குறைய 45 டாலர் விலையில் கடைகளில் எளிதாகக் கிடைத்தது. அவர் 2014-இல் பிராகில் நடந்த உலகப் போட்டியில் 1ஏ பட்டத்தை வென்றது அந்த ஷட்டரைக் கொண்டுதான். சாம்பியன் கையில் இருப்பதையே அடுத்த தெருப் பையனும் வாங்கலாம் என்ற நிலை எவ்வளவு பேரை ஆட வைத்திருக்கும் என்று யோசிக்கிறேன். எங்களால் அந்த எண்ணிக்கையில் செய்ய முடியாது. ஆனால் சரியான வரிசையில் செய்ய முடியும்: முதலில் பொருள், பிறகு நாள்.

அந்த ஆண்டு முடிவில் நான் ஒரு நிபந்தனை வைத்தேன், சில மாத வாக்குவாதத்துக்குப் பிறகு ஏற்றுக்கொண்டார்கள். நிறம் ஏறி வந்த யோயோக்கள் சீட் அளவில் தேறிய பின்னரே வெளியீட்டு நாளை அறிவிப்பது. எந்தத் தனி நிறமானாலும் அதற்குரிய அளவை வரைபடத்திலேயே முன்கூட்டிக் குறிப்பது. இப்போது அதே இளைஞருக்காக இரண்டாவது யோயோ நடந்துகொண்டிருக்கிறது. ஐந்தாவது மாதிரி சென்ற வாரம் அவரிடம் போயிற்று. கிடைமட்டமாகச் சுழற்றும்போது நூல் ஒரு பக்கம் ஏறுகிறது என்கிறார். வியாழக்கிழமை மாலை பயிற்சிக் கூடத்துக்குப் போகிறேன். தேதி இன்னும் யாருக்கும் சொல்லவில்லை.