என் மகள் டிசைன் படிக்கப் போன கதை

சிவகாசியில் இருபத்திரண்டு வருஷமாக ஆப்செட் மெஷின் ஓட்டுகிறேன். எங்கள் தொழிலில் வேஸ்ட் ஷீட் என்று ஒன்று உண்டு. புது வேலை ஏற்றும்போது கலரும் ரிஜிஸ்டரும், அதாவது நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி விழுவதும், சரியாகும்வரை நல்ல பேப்பரை விட்டு வீணாக்க மாட்டோம். ஏற்கெனவே அச்சாகிக் கழிந்த தாளையே திரும்பத் திரும்ப உள்ளே விடுவோம். ஒரே தாளில் முருகன் மேல் சரவெடி லேபிள், அதன் மேல் இருமல் மருந்து அட்டை, அதற்கும் மேல் யாருடைய கல்யாணப் பத்திரிகையோ ஏறிக் கிடக்கும். அலமாரித் தட்டில் விரிப்பதற்காக அதில் பத்து இருபது தாளை வீட்டுக்குக் கொண்டுவருவது வழக்கம்.

2020இல் பள்ளிக்கூடம் மூடியிருந்தது. மகள் அப்போது எட்டாம் வகுப்பு. ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அலமாரியில் ஒரு தாள்கூட இல்லை. எல்லாவற்றையும் உருவி, தரையில் பரப்பி, கத்தரியோடு உட்கார்ந்திருந்தாள். மயில் தோகையில் ஒரு துண்டு, பட்டாசு லேபிளின் சிவப்பில் ஒரு துண்டு, பாதி அறுந்த ஒரு ‘ஸ்ரீ’. மூன்றையும் ஒரு அட்டையின் கீழ் ஓரத்தில் ஒட்டிவிட்டு, மேலே முக்கால்வாசி இடத்தைச் சும்மா விட்டிருந்தாள். எங்கள் ஊரில் இடத்தைக் காலியாக விடுவது பாவம். காசு கொடுத்த பார்ட்டி விட மாட்டார், இன்னொரு போன் நம்பரையாவது போடச் சொல்வார். “ஏம்மா இதைச் சும்மா விட்டே?” என்று கேட்டேன். “அங்க எதையாச்சும் வெச்சா மயில் சின்னதாயிடுதுப்பா” என்றாள். அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது.

இதைப் பார்த்ததும் நாங்கள் செய்த முதல் காரியமே தப்பு. பக்கத்துத் தெரு ஓவிய வகுப்பில் சேர்த்துவிட்டோம். மலை, குடிசை, தென்னை மரம், கோட்டுக்குள் கலர் அடிப்பது. மூன்று மாதத்தில் அவளாகவே நின்றுவிட்டாள்.

நான் செய்த இரண்டாவது தப்பு இதைவிடப் பெரியது. ஒரு வருஷம் கண்டும் காணாததுபோல இருந்தேன். பயம்தான் காரணம். கம்ப்யூட்டரில் டிசைன் செய்கிற டிடிபி அறையில் உட்காருகிறவர்களை எனக்குத் தெரியும். காலண்டர் சீசனில் விடிய விடிய வேலை, கண்ணெல்லாம் சிவந்திருக்கும், கடைசியில் ‘சாமி படத்தை இன்னும் கொஞ்சம் பெருசாக்கு’ என்று பார்ட்டி சொன்னதைச் செய்துவிட்டுப் போக வேண்டும். நான் மெஷினில் நின்றது போதும், பிள்ளையும் அச்சாபீஸுக்குள்தான் வரவேண்டுமா என்று நினைத்தேன். வெளியே சொல்லவில்லை. அவள் எதையாவது காட்டினால் ‘நல்லாருக்கு’ என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பிவிடுவேன். அந்த ‘நல்லாருக்கு’ எதற்கும் உதவாத சொல் என்பது ரொம்பப் பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அவள் ஒன்பதாவது படிக்கும்போது பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒரு அழைப்பிதழ் செய்தாள். போனிலேயே செய்தது. கிளிப்பச்சையில் பளபளவென்று இருந்தது. எங்கள் பிரஸ் அண்ணாச்சியிடம் கேட்டு, வேறொரு வேலையின் தாள் ஓரத்தில் கிடந்த இடத்தில் அதையும் சேர்த்து ஓட்டிக் கொடுத்தேன். வந்ததைப் பார்த்து அழுதுவிட்டாள். பச்சை, வேப்பிலைக் கஷாயம் மாதிரி ஆகியிருந்தது. பழுப்பு நிறத்தில் போட்ட பொடி எழுத்துகளில் கொம்பும் சுழியும் இரண்டிரண்டாகத் தெரிந்தன.

அன்றைக்குத்தான் அவளை மெஷின் பக்கத்தில் நிறுத்தி லென்ஸைக் கையில் கொடுத்தேன். போனில் தெரிவது வெளிச்சம், இங்கே இருப்பது மை. சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என்று நாலே மைதான், எல்லாம் புள்ளி. திரையில் தெரிகிற எல்லாப் பச்சையும் இந்த நாலில் வராது. பழுப்பு எழுத்து என்றால் நாலு மைக்கான நாலு பிளேட்டும் ஒரே இடத்தில் விழ வேண்டும், முடியளவு நகர்ந்தாலும் எழுத்து இரட்டையாகிவிடும். அதனால் பொடி எழுத்தைக் கருப்பில் மட்டும் போடு. கருப்புப் பின்னணியில் மெல்லிய வெள்ளை எழுத்து வைக்காதே, மை உள்ளே புகுந்து அடைத்துவிடும். ஓரம்வரை நிறம் வரவேண்டுமானால் வெட்டுக்கு வெளியே மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக விடு, இல்லாவிட்டால் கட்டிங்கில் வெள்ளைக் கோடு தெரியும். இதையெல்லாம் சொல்லிக்கொண்டே வரும்போதுதான் எனக்கே உறைத்தது: எனக்கு டிசைன் தெரியாது, ஆனால் டிசைன் எங்கெங்கே கெட்டுப்போகும் என்பது முழுக்கத் தெரியும். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு பிரஸ்ஸுக்கு வர ஆரம்பித்தாள். ஆடிப்பெருக்குக்குப் புதுக் காலண்டர் ஆல்பம் வெளியிடுவார்கள் இல்லையா, அந்த ஆல்பங்களை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி எனக்குப் பிடித்ததையெல்லாம் அவள் குறை சொல்வாள். சரி, சொல்லட்டும் என்று விட்டேன்.

அடுத்து கம்ப்யூட்டர். புதிதாக வாங்க வசதியில்லை. அக்கா மகனுக்குப் பிளஸ் டூவில் அரசு கொடுத்த லேப்டாப் பரணில் கிடந்தது. பேட்டரி போய்விட்டது, ஒயரைச் சொருகினால் ஓடும். கிராக் போட்ட போட்டோஷாப் ஏற்றித் தருகிறேன் என்று ஒரு பையன் வந்தான். வைரஸோடு சேர்த்து ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, படம் வரைய இங்க்ஸ்கேப்பும் போட்டோ திருத்த கிம்ப்பும் போட்டோம். இரண்டும் இலவசம், அந்தக் கிழட்டு லேப்டாப்பிலும் ஓடின. தமிழ் எழுத்துதான் பெரிய தலைவலியாக இருக்கும் என்று நினைத்தேன். எங்கள் டிடிபி அறையில் இன்னும் பழைய ஃபான்ட்தான், இப்போது போனிலும் இணையத்திலும் ஓடுகிற யூனிகோடில் அடித்ததை ஒட்டினால் குப்பையாக வரும். போட்டோஷாப்பில் அமைப்பை மாற்றாமல் ‘கொ’ அடித்தால் கொம்பு தனியாகப் பிரிந்து நிற்கும். இங்க்ஸ்கேப்பில் அந்தத் தொல்லை இல்லை. கூகுளில் இலவசமாகக் கிடைக்கும் ஃபான்ட்களான மீரா இனிமை, பவனம், கேட்டமரன், ஹிந்த் மதுரை எல்லாவற்றையும் இறக்கி, ஒரே வாக்கியத்தை எல்லாவற்றிலும் அடித்துச் சுவரில் ஒட்டிவைத்தாள்.

விஷயம் சொந்தக்காரர்களுக்குத் தெரிந்துபோனது. அங்கேதான் ஆட்டம் ஆரம்பித்தது.

முதலில் ஒரு சடங்குக்கு ஃப்ளெக்ஸ். அதில் நாற்பத்திரண்டு முகம். ஒவ்வொருவரும் வாட்ஸப்பில் அனுப்பிய போட்டோ, பாதிக்கு மேல் செல்பி. சித்தப்பா நாலு தடவை போன் பண்ணினார், அவர் படம் மச்சினர் படத்தைவிடச் சின்னதாக இருக்கிறதாம். அப்புறம் வளைகாப்பு, அப்புறம் புதுக் கடை, அப்புறம் கோயில் கொடை. எல்லாமே சும்மா. ‘நம்ம பிள்ளைதானே’ என்று நானும் வாங்கிவாங்கிக் கொடுத்தேன். எனக்கு அதில் பெருமை வேறு. பத்தாம் வகுப்பு அரையாண்டு நெருங்கும்போது ஒரு நாள் லேப்டாப்பை மூடிப் பரணிலேயே வைத்துவிட்டாள். இரண்டு மாதம் தொடவில்லை.

அதைச் சரிசெய்தது என் மனைவி. அவள் பைண்டிங்கில் பாரம், அதாவது அச்சான பெரிய தாளைப் புத்தகப் பக்கங்களாக, மடிக்கிறவள். ‘இனிமே எவருக்கானாலும் முந்நூறு ரூவா. ரெண்டு தடவைதான் திருத்தம். மூணாவது திருத்தத்துக்கு இன்னொரு நூறு’ என்று அறிவித்துவிட்டாள். அண்ணன் கேட்டாலும் அதே கணக்குத்தான். இரண்டு வீட்டில் எங்களோடு கொஞ்ச நாள் பேச்சு வார்த்தை நின்றது. ஆனால் வேலை பத்தில் ஒன்றாகக் குறைந்தது, கொடுத்தவர்களும் யோசித்துக் கொடுத்தார்கள். காசு தபால் அலுவலகத்தில் அவள் பெயரில் போனது.

மனைவிதான் அவளுக்குச் சரியான விமர்சகரும். ‘நல்லாருக்கு’ என்ற பேச்சே அவளிடம் கிடையாது. கண்ணாடி போடாமல் நாலடி தள்ளி நின்று பார்ப்பாள். “எத்தனை மணிக்குன்னு எங்கடி போட்டிருக்கே?” என்று கேட்பாள். அவள் கண்ணுக்கு மணி தட்டுப்படவில்லை என்றால் மகள் பேசாமல் போய் மாற்றுவாள்.

பதினொன்றாம் வகுப்பில் குரூப் எடுக்கும்போது வீடே இரண்டுபட்டது. நல்ல மார்க், பயாலஜி எடுக்கச் சொல்லுங்கள் என்று டீச்சர் சொன்னார். அவள் காமர்ஸும் கம்ப்யூட்டரும் கேட்டாள். பெரியப்பா பஞ்சாயத்துக்கு வந்தார். நான் தேடிப் படித்து வைத்திருந்ததைச் சொன்னேன்: ரூபாய்க் குறியீட்டை வரைந்த உதயகுமார் தமிழ்நாட்டுக்காரர், பம்பாய் ஐஐடியில் டிசைன் படித்தவர், 2010இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது, பரிசு இரண்டரை லட்சம். பெரியப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, “சரிப்பா, மாசாமாசம் வருமா அது?” என்றார். பதில் சொல்ல முடியவில்லை. கடைசியில் காமர்ஸ்தான். டிசைன் நுழைவுத் தேர்வுக்கு எந்த குரூப்பும் செல்லும் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

அந்தத் தேர்வு யூசீட். ஐஐடிகளில் டிசைன் பட்டப்படிப்புக்கு பம்பாய் ஐஐடி நடத்துவது. பெண் பிள்ளைகளுக்குப் பாதிக் கட்டணம். மூன்று மணி நேரம், 300 மதிப்பெண். முதல் இரண்டு மணி நேரம் கம்ப்யூட்டரில் 200க்கு, கடைசி ஒரு மணி நேரம் பேப்பரில் வரைந்து 100க்கு. பயிற்சி நிலையத்தில் கேட்ட பணம் என் பல மாதச் சம்பளம். பழைய கேள்வித்தாள்கள் அவர்கள் தளத்திலேயே இலவசமாக இருந்தன. பிரிண்ட் எடுப்பதற்கு எங்களுக்குப் பஞ்சமா? தாளை இப்படி மடித்து ஓட்டை போட்டு விரித்தால் எப்படி இருக்கும் என்கிற மாதிரிக் கேள்விகள் வரும். நானும் மகளும் விழித்துக்கொண்டிருப்போம். மனைவி வெங்காயம் உரித்தபடியே விடை சொல்லுவாள். பதினாறு பக்கப் பாரத்தை எத்தனை வருஷமாக மடிக்கிறாள்!

2025 ஜனவரியில் சென்னைக்குக் கூட்டிப்போய் எழுத வைத்தேன். கிடைக்கவில்லை. முதல் பகுதியில் கட்-ஆஃப் எடுத்தவர்களின் படத்தை மட்டும்தான் திருத்துவார்கள். அவள் சில மதிப்பெண்ணில் விட்டுவிட்டாள். ஐந்து வருஷமாக எதற்குத் தயாரானாளோ, அந்தப் படத்தை ஒருவரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டு நாள் அவள் பேசவில்லை. எனக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை, வேலைக்குப் போய்விட்டேன்.

எங்கள் டிடிபி தம்பிதான் அரசு கவின் கலைக் கல்லூரி பற்றிச் சொன்னான். சென்னையிலும் கும்பகோணத்திலும் இருக்கிறது. சென்னைக் கல்லூரி 1850இல் ஆரம்பித்தது. மெரினாவில் உழைப்பாளர் சிலை செய்த ராய் சௌத்ரி முதல்வராக இருந்த இடம். அங்கே காட்சிவழித் தகவல் வடிவமைப்பு என்று நாலு வருஷப் பட்டப்படிப்பு உண்டு, அரசுக் கட்டணம்தான். இத்தனை வருஷம் அச்சுத் தொழிலில் இருக்கிற எனக்கு இது தெரியாது என்பதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. பிளஸ் டூ முடிவு வந்ததும் விண்ணப்பித்தோம். கூப்பிட்டு வரையவைத்துப் பார்த்தார்கள். ஒரு ஃபைலில் பன்னிரண்டு வேலைகளை எடுத்துப் போனாள். ஃப்ளெக்ஸ் ஒன்றுகூட வைக்கவில்லை. அந்த மயில் அட்டையை வைத்திருந்தாள். இடம் கிடைத்தது.

இப்போது முதல் வருஷம். அவள் அனுப்புகிற படங்களில் கரியும் பென்சிலும்தான், கம்ப்யூட்டரைக் காணோம். விரலெல்லாம் கருப்பு. நான் ஒன்றும் கேட்பதில்லை. போன வாரம் அவளே போன் செய்தாள்: “அப்பா, நம்ம ஊர்ல பழைய ஈய எழுத்து யார்கிட்டயாவது இருக்கா? ‘ஞ’ எப்படி வெட்டியிருக்காங்கன்னு பாக்கணும்.” ஆப்செட் வந்தபிறகு, ஈய எழுத்து அடுக்கிவைக்கும் லெட்டர்பிரஸ் கேஸ்களை எல்லோரும் எடைக்குப் போட்டுவிட்டார்கள். மூன்று நாள் விசாரித்ததில் ஒரு பழைய பிரஸ் குடோனில் இரண்டு கேஸ் மிச்சம் இருந்தது. பெரியவர் ஈய விலைக்குக் கிலோ கணக்கில்தான் தருவேன் என்றார். பொறுக்கி நாலு கிலோ வாங்கி வைத்திருக்கிறேன். அதில் ‘ஞ’ ஏழோ எட்டோ இருந்தது. வெள்ளிக்கிழமை பொதிகை ரயிலில் சென்னைக்குத் தெரிந்தவர் ஒருவர் போகிறார், அவரிடம் கொடுத்தனுப்ப வேண்டும்.