அட்டிக்கில் ரக்கூன்: ஓட்டையை அடைக்குமுன் காத்திருந்த 16 நாட்கள்

கனடாவின் ரொறன்ரோ நகரைச் சேர்ந்த ஸ்காபரோவில் நாங்கள் குடியிருப்பது, கராஜின் மேல் ஒரு தாழ்ந்த கூரையும் படுக்கையறைகளின் மேல் ஓர் உயர்ந்த கூரையும் கொண்ட பழைய வீடு. சென்ற ஜனவரி மூன்றாம் கிழமையில், இரவு இரண்டு மணியளவில், தலைக்கு நேர் மேலே, கூரைக்கும் அறையின் உட்கூரைக்கும் நடுவிலுள்ள அட்டிக்கில், யாரோ நடக்கும் சத்தம் கேட்டு நானும் மனைவியும் விழித்துக்கொண்டோம். அணில் என்றால் பகல் வெளிச்சத்தில் குடுகுடுவென்று ஓடும். இதுவோ ஒவ்வொரு காலாக எடுத்துவைத்து, நின்று, மறுபடியும் நடக்கும் பாரமான நடையாக இருந்தது. கண்களைச் சுற்றிக் கறுப்புப் பட்டையுள்ள, மரமேறும் இரவு விலங்கான ரக்கூன்தான் என்பதில் எங்களுக்குச் சந்தேகம் வரவில்லை.

விடிந்ததும் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். தாழ்ந்த கூரை உயர்ந்த கூரையின் விளிம்போடு சேரும் மூலையில், கூரையின் அடிப்பக்கத்தை மூடும் சொஃபிட் தகடு மேல்நோக்கித் தள்ளப்பட்டு, ஒரு சாண் அகலத்துக்கு இருட்டுத் தெரிந்தது. அதன் கீழே மழைநீர் இறங்கும் வெள்ளைக் குழாயில், சேற்றுக் கையோடு ஒரு சிறு குழந்தை பிடித்து ஏறியதைப் போல, ஐந்து விரல்களும் பிரிந்த அடையாளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்திருந்தன. இப்படிப்பட்ட மூலை உங்கள் வீட்டிலும் இருந்தால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். கீழ்க்கூரையில் ஊன்றி நின்றுகொண்டு தோளால் தகட்டை நெம்ப ரக்கூனுக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது.

அன்றே அடைத்துவிட வேண்டும் என்பதுதான் என் முதல் எண்ணம். கூரை திருத்துபவர் ஒருவர் பின்னேரமே தகடு அடித்துத் தருவதாகச் சொன்னார். நானும் ஏறக்குறைய ஒப்புக்கொண்டுவிட்டேன். நல்ல காலமாக, வனவிலங்குகளை வீட்டிலிருந்து வெளியேற்றும் வேலை செய்யும் ஒரு தமிழ்த் தம்பியிடம் அதற்குமுன் தொலைபேசியில் கேட்டேன். "அண்ணை, அது உள்ளுக்கை இருக்கேக்கை அடைச்சியளெண்டால் வேறை பக்கத்தாலை கூரையைப் பிய்ச்சுக்கொண்டு வரும், இல்லாட்டி உள்ளுக்கையே செத்துப்போகும். முதல்லை அது தானாப் போகவேணும்" என்றார். கூண்டு வைத்துப் பிடித்துத் தொலைவில் விடலாமே என்றதற்கும் அவரிடம் பதில் இருந்தது. எங்கள் மாகாணமான ஒன்ராறியோவில் பிடித்த விலங்கை 24 மணி நேரத்துக்குள், பிடித்த இடத்திலிருந்து 1 கிலோமீட்டருக்குள் விட வேண்டும். அந்தத் தூரம் ரக்கூனுக்கு ஓர் இரவு நடைதான்; ஓட்டை திறந்தே கிடந்தால் அதுவே திரும்பி வரும், அல்லது இன்னொன்று வரும்.

எங்களுக்கு இருந்த காலமும் குறுகியது. ரக்கூன்கள் பெரும்பாலும் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை இணைசேர்ந்து, ஏறத்தாழ 63 நாட்கள் சுமந்து, வசந்தத்தில் குட்டி ஈனும். குட்டிகள் பிறந்துவிட்டால் அவை தாயின் பின்னால் நடக்கும் வரை பல கிழமைகள் பொறுக்க வேண்டும். தாயை மட்டும் வெளியே விட்டுக் கதவடைப்பது கொடுமை, அவள் கூரையைச் சிதைத்தாவது உள்ளே வருவாள். ஆகவே பெப்ரவரிக்குள் முடித்தாக வேண்டும் என்று தீர்மானித்தோம்.

விலங்கு உள்ளே இருக்கிறதா என்று அறிய, தமிழ்க் கடையில் இலவசமாகக் கிடைக்கும் பத்திரிகையின் தாள்களைக் கசக்கி ஓட்டையில் தளர்வாகச் செருகினேன். நான்கு நாட்கள் தாள் அசையவில்லை. ஆள் போய்விட்டது என்று நம்பி, தகடு அடிக்க நாளும் குறித்தேன். இந்த இடத்தில்தான் நான் பெரும் பிழை செய்யப் பார்த்தேன். அந்த நாட்களில் இரவுக் குளிர் மறை 18 பாகை வரை இறங்கியிருந்தது. ரக்கூன் கரடியைப் போல மாதக்கணக்கில் உறங்குவதில்லை என்றாலும், கடுங்குளிரில் இலையுதிர் காலத்தில் சேர்த்த கொழுப்பைக் கொண்டு நாட்கணக்கில் வெளியே வராமல் கிடக்கும். ஐந்தாம் நாள் குளிர் தணிந்தது; மறுநாள் காலை தாள்கள் கிழிந்து கீழ்க்கூரைப் பனியில் சிதறிக் கிடந்தன. கோடையில் இரண்டு மூன்று நாட்களில் முடியும் இந்தச் சோதனையைக் குளிர்காலத்தில் ஒரு மிதமான இரவு கடக்கும் வரை நம்பக் கூடாது.

அந்தத் தம்பி வந்து, முதலில் கூரையின் மற்றக் காற்றுத் துவாரங்களுக்கெல்லாம் கம்பிவலை போட்டார். பிறகே ஓட்டையில் ஒருவழிக் கதவைப் பொருத்தினார். உள்ளிருந்து தள்ளினால் திறந்து, தானாகவே மூடிக்கொள்ளும் கதவு அது. மூன்று இரவுகள் ஒன்றும் நடக்கவில்லை. நான்காம் நாள் காலை, கதவிலிருந்து புறப்பட்டுக் கூரை விளிம்பு வரை சென்ற தடங்கள் புதிய பனியில் தெளிவாகத் தெரிந்தன. திரும்பி வந்த தடம் இல்லை. அடுத்த இரவு கதவின் ஓரங்களைச் சுரண்டிப் பார்த்திருந்தது, அவ்வளவே. மேலும் சில இரவுகள் சத்தமில்லாமல் கழிந்தபின், 16ஆம் நாள் கதவைக் கழற்றி, அரை அங்குலக் கண்ணுள்ள தடித்த துத்தநாகம் பூசிய வலையை மடித்துத் திருகாணிகளால் இறுக்கினார். வலைதான் வேண்டும், தகடு வேண்டாம் என்று நான் வற்புறுத்தினேன். சொஃபிட் வழியே காற்று ஓடாவிட்டால் அட்டிக்கில் ஈரம் தங்கும்.

ஈரத்தின் வேலையை உள்ளே ஏறியபோதே பார்த்துவிட்டேன். குளியலறையின் ஈரக்காற்றை வெளியேற்றும் குழாய் மிதிபட்டுக் கழன்று கிடந்தது. அந்த ஆவி கூரைப் பலகையின் அடியில் வெள்ளை உறைபனியாகப் படிந்து, ஆணி முனைகளில் முத்து முத்தாக நின்றது. இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால், வெயில் ஏற அது உருகிப் படுக்கையறைக் கூரையில் கறையாக இறங்கியிருக்கும். வீட்டுச் சூடு வெளியேறாமல் தடுக்கும் இன்சுலேஷனில் ஒரு மூலையை ரக்கூன் கழிப்பிடமாகவே வைத்திருந்தது. ரக்கூன் எச்சத்தில் மனிதருக்கு ஆபத்தான உருளைப்புழு முட்டைகள் இருக்கக்கூடும் என்பதால், அதை வெறும் கையால் தொடவோ உலர்ந்தபடி கூட்டவோ கூடாது. முகக்கவசமும் கையுறையும் அணிந்து, ஈரப்படுத்தி, அந்தப் பகுதி இன்சுலேஷனை முழுவதுமாக அள்ளி இரட்டைப் பையில் கட்டி அகற்றினோம்.

பனி உருகியதும் கூரைக்கு எட்டியிருந்த மேப்பிள் கிளைகளை வெட்டுவித்தேன். இலையுதிர் காலம் வரும்போதே ஏணி வைத்து அந்த மூலையைப் பார்ப்பதும், டோர்ச்சோடு அட்டிக்கில் ஏறி, விளக்கை அணைத்துவிட்டு எங்காவது பகல் வெளிச்சம் கசிகிறதா என்று தேடுவதும் இப்போது எங்கள் வழக்கம். இந்த ஒக்டோபரில் அப்படிப் பார்த்தபோது, புகைபோக்கியின் அருகே விரலளவு வெளிச்சம் தெரிந்தது. உள்ளே எதுவும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, அதையும் அன்றே வலையால் மூடிவிட்டோம்.