சாந்தோரினி: கப்பல் வந்துவிட்டது, கரைக்கு எப்போது போவோம்?

கிரேக்கத் தீவுகளுக்கு குரூஸில் போகிறவர்கள், கப்பல் கம்பெனி விற்கும் சுற்றுலாவை விட்டுவிட்டு உள்ளூரில் வண்டி பேசிக்கொண்டால் செலவு நன்றாகவே குறையும். ஐம்பது பேர் பஸ்ஸில் கொடியைப் பிடித்துக்கொண்டு போகும் ஆளின் பின்னால் ஓடவும் வேண்டாம். எங்களோடு அத்தையும் வந்ததால் நாங்கள் அப்படித்தான் பதிவு செய்தோம். ஆனால் சாந்தோரினி மட்டும் தனிக் கணக்கு. அதைப் புரிந்துகொள்ளாமல் அங்கே வண்டிக்கு நேரம் குறிக்கவே கூடாது.

காரணம் அந்த இடத்தின் அமைப்பு. எரிமலை வெடித்து நடுப்பகுதி உள்ளே சரிந்ததால் உண்டான பள்ளத்தில் கடல் நிற்கிறது. சில இடங்களில் ஆழம் 300 மீட்டருக்கும் மேல். பெரிய குரூஸ் கப்பல் ஒட்டி நிற்க அங்கே துறை கிடையாது. கப்பல் நடுநீரில் நிற்கும், நாம் டெண்டர் எனப்படும் சிறு படகில் கரைக்குப் போக வேண்டும். படகு விடுகிற இடம் ஃபிரா ஊரின் பழைய துறைமுகம். ஊரோ அதற்கு நேர் மேலே, 200 மீட்டருக்கும் அதிகமான செங்குத்துப் பாறையின் உச்சியில் இருக்கிறது.

அட்டவணையில் 'காலை 7:00 சாந்தோரினி' என்று போட்டிருந்தால், அது கப்பல் வந்து நிற்கும் நேரம். அதிகாரிகள் அனுமதி கொடுத்த பிறகுதான் ஆட்களை இறக்குவார்கள். அப்போதும் முதல் படகுகள் கப்பலின் சொந்தச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டியவர்களுக்கு. அவர்களை அத்தினியோஸ் என்ற வேறு துறைக்குக் கொண்டுபோய் அங்கிருந்து பஸ்ஸில் மேலே ஏற்றிவிடுகிறார்கள். தனியாகப் போகிறவர்களுக்குப் படகில் ஏறும் முறையைக் குறிக்கும் டோக்கன்தான். எங்கள் கப்பலில் டோக்கன் கொடுக்கிற லவுஞ்சை முந்தைய நாள் மாலையே வரவேற்பு மேஜையில் கேட்டு வைத்திருந்தோம். காலையில் என் கணவர் சீக்கிரமே போய் நின்று, முதல் வரிசைகளில் ஒரு எண் வாங்கிவிட்டார். நானும் அத்தையும் சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் போனோம். டோக்கன் கொடுக்கும்போது குடும்பத்தில் எல்லோரும் நேரில் நிற்க வேண்டும் என்று சில கப்பல்களில் சொல்வார்கள். அதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

படகில் ஏறும் இடத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். கப்பலின் தளம் அசையாது, படகு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். இரண்டு பக்கமும் ஊழியர்கள் நின்று நம் முழங்கைக்குக் கீழே இறுகப் பிடித்துக்கொள்கிறார்கள். படகு மேலே எழும்பும் நொடியில் "நௌ" என்பார்கள், அப்போது காலை வைத்தால் போதும். அத்தை புடவைக் கொசுவத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு அழகாக இறங்கிவிட்டார். கைப்பையைத் தோளில் குறுக்காக மாட்டிக்கொண்டு இரண்டு கைகளையும் காலியாக வைத்துக்கொள்வது நல்லது.

கரையில் கால் வைத்ததும் வேலை முடிந்தது என்று நினைக்க முடியாது. உண்மையான நெரிசல், துறைமுகத்திலிருந்து மேலே ஊருக்கு ஏற்றிப்போகும் கேபிள் காரில்தான். ஒரு சரத்தில் ஆறு பெட்டிகள், பெட்டிக்கு ஆறு பேர், ஆக ஒரு தடவைக்கு 36 பேர். ஏறுவதற்கு மூன்று நிமிடம்தான் ஆகிறது. ஆனால் ஒரு கப்பலில் இருந்து 2,000 பேர் இறங்கினாலே ஐம்பத்தைந்து தடவைக்கு மேல் ஓட வேண்டும். அன்று எங்களைத் தவிர இன்னும் கப்பல்கள் நின்றிருந்தன. கேபிள் கார் வேண்டாம் என்றால் 580க்கும் மேற்பட்ட படிகள் இருக்கின்றன. கழுதைச் சாணம், வழுக்கும் கல், நிழலே கிடையாது. "அந்தப் படியெல்லாம் என்னால ஆகாதும்மா" என்றார் அத்தை, நிமிர்ந்து ஒரு தடவை பார்த்துவிட்டு. கழுதைச் சவாரியும் உண்டு. 100 கிலோவுக்கு மேல் கழுதைமேல் ஏற்றக் கூடாது என்று 2018-இல் கிரேக்க அரசு விதி கொண்டுவந்த பிறகும், அந்த வெயிலில் அவை படுகிற பாட்டைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. தயவுசெய்து ஏறாதீர்கள்.

எங்கள் டிரைவரிடம் கப்பலின் பெயரை வாட்ஸ்அப்பில் அனுப்பி, சந்திக்கும் இடம் கேபிள் காரின் மேல் வாசல், நேரம் 9:30 என்று பேசியிருந்தோம். கப்பல் வரும் நேரத்தில் இருந்து இரண்டரை மணி நேரம் தள்ளி. நாங்கள் வெளியே வந்தபோது அதற்கு இருபது நிமிடம் மீதி இருந்தது. வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு குடும்பம் 8:00 மணி மினிபஸ்ஸுக்கு முழுப் பணமும் கட்டியிருந்தார்கள். வண்டி போய்விட்டது, பணமும் திரும்பக் கிடைக்காதாம். அந்த அம்மா முகம் வாடியதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. கப்பல் வரும் நேரம் தெரிந்தும் அந்த நேரத்துக்குச் சீட்டு விற்றவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

அப்புறம் அக்ரோத்திரி. 1967-இல் தோண்டத் தொடங்கிய, சாம்பலுக்கடியில் புதைந்த வெண்கலக் கால ஊர். பெரிய கூரைக்குக் கீழே மூவாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய இரண்டு மாடி வீடுகளும் வாசலும் சன்னலும் நிற்கின்றன. அங்கே அவசரமில்லாமல் நடந்தோம். காலையில் நேரத்தைத் தள்ளி வைத்ததன் பலன் அதுதான்.

திரும்பும்போது கடைசி டெண்டர் நேரத்தைத்தான் கணக்கில் வைக்க வேண்டும், கப்பல் கிளம்பும் நேரத்தை அல்ல. பிற்பகலில் கீழே இறங்க கேபிள் கார் வரிசை ஊருக்குள்ளேயே நீளும். கப்பல் சுற்றுலாவில் வந்தவர்களும் பெரும்பாலும் அதே வரிசையில்தான் நிற்பார்கள், ஆனால் அவர்கள் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், நமக்காகக் காத்திருக்காது. கைக்கடிகாரம் கப்பல் நேரத்தைக் காட்டுகிறதா என்றும் பாருங்கள். இத்தாலியில் ஏறியவர்களுக்கு கிரேக்கம் ஒரு மணி நேரம் முன்னால்.

அடுத்து நின்ற துருக்கியின் குசாதாசியில் இந்தக் கவலை எதுவும் இல்லை. கப்பல் துறையிலேயே ஒட்டி நிற்கிறது, நடந்து வெளியே வந்தால் எபேசஸ் என்ற பழங்கால நகரத்தின் இடிபாடுகளைப் பார்க்கப் போக வண்டி தயார். ஆனால் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் அங்கிருந்து மறுபடி கிரேக்கத்துக்குத் திரும்பும் பயணமென்றால், ஷெங்கன் விசாவை (கிரேக்கம் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவானது, துருக்கி அதில் சேராது) பலமுறை நுழையும் விசாவாகவே எடுக்க வேண்டும்.