தலைக்கு மேலே ரயில்

டெல்லி காந்தி நகரில் துணி வாங்கிக்கொண்டு ஆட்டோவில் திரும்பும்போது, பழைய யமுனைப் பாலத்தின் நடுவில் தலைக்கு மேலே ரயில்.

அம்மா சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "மேலயா போகுது?"

ஆமாம்மா. மேலே தண்டவாளம், கீழே சாலை. 1866-இல் கட்டி முடித்த இரும்புப் பாலம். முதலில் ஒற்றைத் தடம்தான், 1913-இல்தான் இரட்டையானது. இங்கே எல்லோருக்கும் இது 'லோஹே கா புல்', இந்தியில் இரும்புப் பாலம்.

ரயில் போனதும் பார்த்தால், அம்மாவின் மடியிலிருந்த துணிப்பை மேல் துருத்தூள், செம்மண் மாதிரி. தட்டிவிடாமல் விரலால் தொட்டுப் பார்த்தார்.

யமுனையின் வெள்ளத்தை இந்தப் பாலத்தில்தான் அளக்கிறார்கள். அபாய அளவு கடல் மட்டத்திலிருந்து 205.33 மீட்டர். 2023 ஜூலையில் 208.66 தொட்டபோது பாலத்தையே மூடினார்கள்.

பக்கத்திலேயே புதிய ரயில் பாலம். தடம் சலீம்கர் கோட்டையை ஒட்டி வருவதால் தொல்லியல் துறை அனுமதிக்கே பல வருடங்கள் போயின. சரி, புதியது அவசியம்தான். ஆனால் பழையதைக் காயலான் கடைக்கு அனுப்பிவிடாதீர்கள். நடந்து போகவாவது விட்டுவையுங்கள்.

திருச்சியில் கொள்ளிடம் பழைய பாலம் 2018 வெள்ளத்தில் இடிந்த அன்று அம்மா சரியாகச் சாப்பிடவில்லை.

அந்தப் பையை இன்னும் உதறவில்லை.